பழைய ஹைஏஸ்: நின்னா கொதிக்குது, ஓடினா ஆறுது. ரேடியேட்டரை மாத்தணுமா?

4 ஏப்ரல் 2019, இரவு 9.40 · இன்செயின் வேன்

1993 டொயோட்டா ஹைஏஸ் வேன், 3எல் டீசல் எஞ்சின், ஒன்பது சீட்டு. சிக்னல்ல பதினைஞ்சு நிமிஷம் நின்னா சூடு காட்டுற முள்ளு முக்கால் வரைக்கும் ஏறுது. வண்டி நகர்ந்து காத்து பட்டா பாதிக்கு இறங்கிடுது. ஏசி போட்டா இன்னும் சீக்கிரம் ஏறும். மூணு நாளைக்கு அரை லிட்டர் தண்ணி குடிக்குது. வப்ஷாப் சயா, அதான் ஒர்க்‌ஷாப் மெக்கானிக், தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டார், இந்த ஊர் வெயிலுக்கு அது எதுக்குன்னு. ரேடியேட்டர் மூடியும் புதுசு. ரெண்டுக்கும் பலன் இல்ல. இப்ப ரேடியேட்டரை மாத்துங்கிறார். அடுத்த வாரம் இங்கே பர்மாவில தண்ணித் திருவிழா, வண்டி நிறைய ஆளை ஏத்திக்கிட்டு ஊர்ந்து போகணும். காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி யாராச்சும் சொல்லுங்க.

4 ஏப்ரல், இரவு 10.25 · பெகு டீசல்

இப்போதைக்கு வாங்காதீங்க. எப்போ சூடாகுதுங்கிறதுலயே பாதி விடை இருக்கு.

நின்னா ஏறி ஓடினா இறங்குதுன்னா காத்துக் குறை. ஃபேன், ஃபேனை எஞ்சினோட எண்ணெயால பிணைக்கிற ஃபேன் கிளச், ஃபேனைச் சுத்தி இருக்கிற கூடு, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைஞ்ச குப்பை, இதுக்குள்ள ஏதோ ஒண்ணு. ஊருக்குள்ள ஒழுங்கா இருந்துட்டு மேட்டுலயோ எக்ஸ்பிரஸ் ரோட்டுலயோ ஏறுதுன்னா தண்ணி ஓட்டம் குறைஞ்சிருக்கு. டியூப் அடைச்சிருக்கும், பம்ப் இறக்கை அரிச்சிருக்கும், இல்லாட்டி ரேடியேட்டரோட கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கும். எங்கேயும் எப்பவும் ஏறுதுன்னா முதல்ல தண்ணி அளவு, அடுத்தது தெர்மோஸ்டாட். காலையில ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதுன்னா சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டு போயிருக்கு.

நீங்க சொல்றது முதல் வகை. ஃபேன் கிளச்சைப் பாருங்க. வண்டியை நல்லா சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, ஃபேனைக் கையால சுண்டி விடுங்க. நல்ல கிளச் கெட்டியான எண்ணெயில கரண்டி சுத்துற மாதிரி இழுத்துப் பிடிச்சு ஒரு சுத்துக்குள்ள நிக்கும். மூணு நாலு சுத்து சும்மா சுத்தினா உள்ளே இருந்த சிலிகான் எண்ணெய் போயிடுச்சு. கிளச் முகத்துல நடுவுலேர்ந்து வெளியே பாயுற மாதிரி கறுப்பு அழுக்குக் கோடு இருந்தா அதுதான் எண்ணெய் கசிஞ்ச தடம்.

அதோட மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டுலயும் சூடு எவ்வளவுன்னு அளந்து எழுதுங்க. லேசர் புள்ளி விழுற சூடு அளக்கிற துப்பாக்கி போதும். பளபளன்னு இருக்கிற அலுமினியத்துல காட்டாதீங்க, குறைச்சுக் காட்டும். கறுப்பு ரப்பர்ல, கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக் காட்டுங்க.

5 ஏப்ரல், காலை 7.10 · லைன்கார்

கிளச்சை வெல்டு வெச்சு ஒட்டிடுங்க. ஊருக்குள்ள ஆளேத்துற பழைய லைன் கார்ல எல்லாம் அப்படித்தான். ஃபேன் எப்பவும் சுத்தும், தொல்லை விட்டுது.

5 ஏப்ரல், காலை 8.02 · பெகு டீசல்

சுத்தும். மேல் ஆர்பிஎம்மிலும் சுத்தும், அப்போ இறக்கையில விழுற இழுவை வேகத்தின் வர்க்கத்துல ஏறும். அடியில விரிசல் விட்ட பழைய பிளாஸ்டிக் இறக்கை ஒண்ணு பிய்ஞ்சு பறந்தா ரேடியேட்டரை நிஜமாவே மாத்த வேண்டி வரும். பம்ப் பேரிங்குக்கும் கேடு, டீசலும் கூடக் குடிக்கும். நடுவழியில வீடு போய்ச் சேர, கிளச்சை ரெண்டு போல்ட் போட்டு இறுக்கிக்கிட்டுப் போறது வேற. அதையே வைத்தியமா வெச்சுக்கக் கூடாது.

5 ஏப்ரல், மதியம் 1.30 · மௌல்மீன்

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அதைக் கழற்றினால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், எஞ்சின் குளிர்ந்துதானே இருக்க வேண்டும்? நாற்பது வருடமாக எல்லோரும் கழற்றித்தான் ஓட்டுகிறார்கள்.

5 ஏப்ரல், மாலை 6.45 · பெகு டீசல்

ஐயா, கழட்டின தெர்மோஸ்டாட்டைக் கையில எடுத்துப் பாருங்க. மேலே ஒரு தட்டு இருக்கும், அதுதான் ரேடியேட்டர் பக்கம் திறக்கிற கதவு. டொயோட்டாவில் பலதுக்கும் அடியில ஸ்பிரிங்குக்குக் கீழே இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் கதவு திறக்கத் திறக்க இந்தச் சின்னத் தட்டு இறங்கிப் போய் பைபாஸ் ஓட்டையை மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா அந்த ஓட்டையை மூட ஆள் இல்ல. கொதிக்கிற தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம குறுக்கு வழியில எஞ்சினுக்கே திரும்பிடும். குளிரட்டும்னு கழட்டினது சூட்டைக் கூட்டும்.

அடித்தட்டு இல்லாத ரகத்துல இந்தக் குறுக்கு வழி ஆபத்து இல்ல. அதுல கெடுதல் வேற மாதிரி. காலையில எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் சரியா எரியாது, ஆயில்ல தண்ணி கோர்க்கும், சிலிண்டர் தேயும். "வெயில் ஊருக்கு எதுக்கு" என்கிற பேச்சு ரெண்டு ரகத்துக்கும் பொருந்தாது. வெளியே 38 டிகிரி, எஞ்சினுக்குத் தேவை 80க்கு மேல.

போடும்போது சின்ன ஆணி ஆடுற காத்து ஓட்டை மேல் பக்கம் வரணும். கீழே வெச்சா தண்ணி ஊத்தும்போது காத்து வெளியேற வழி இருக்காது.

6 ஏப்ரல், காலை 6.50 · பெகு டீசல்

விட்டுப்போனது. புதுசு வாங்கினாலும் சோதிக்காம மாட்டாதீங்க, போலிச் சாமான் நிறைய ஓடுது. மேலே 82ன்னு அடிச்சிருக்கும். கதவை விரலால கொஞ்சம் திறந்து ஒரு நூலை இடுக்குல கவ்வ விட்டு, அந்த நூலாலயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணிச் சட்டிக்குள்ள தொங்க விடுங்க. அடியில படக் கூடாது. பக்கத்துல தெர்மாமீட்டர். அடுப்பை மெதுவா ஏத்துங்க. 80லேர்ந்து 84க்குள்ள கதவு விட்டு, நூலிலேர்ந்து நழுவி சட்டியில 'டிங்'னு விழும். 95 வரைக்கும் ஏத்திப் பார்த்தா கதவு 8 மில்லிமீட்டராவது திறந்திருக்கணும். விழும், ஆனா ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் திறக்கும்னா அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க, மேட்டுல காலை வாரும். சாம்பார் சட்டியை எடுக்காதீங்க, ஒரு பழைய டின் போதும்.

6 ஏப்ரல், இரவு 8.15 · இன்செயின் வேன்

சூடா இருக்கும்போது ஃபேன் அஞ்சு சுத்து சுத்துச்சு. கிளச் முகத்துல நீங்க சொன்ன கறுப்புக் கோடும் இருக்கு. நின்ன இடத்துல மேல் ஹோஸ் 103, கீழ் ஹோஸ் 98. கழட்டின தெர்மோஸ்டாட் சயாகிட்டயே கிடந்துச்சு, அதுல அடித்தட்டு இருக்கு.

6 ஏப்ரல், இரவு 9.05 · பெகு டீசல்

103க்கும் 98க்கும் அஞ்சு டிகிரிதான் வித்தியாசம். தண்ணி ரேடியேட்டருக்குள்ள வேகமா ஓடுது, சூட்டை எறிய முடியாமலே திரும்பி வருது. காத்து இல்லைங்கிறதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதுவே 103க்கு 70னு இருந்திருந்தா தண்ணி ஊர்ந்து ஊர்ந்து போகுதுன்னு அர்த்தம், உங்க சயா சொன்னது சரியா இருந்திருக்கும். ஒழுங்கான வண்டியில ஓட்டத்துல 7லேர்ந்து 12 வரைக்கும் வித்தியாசம் இருக்கும்.

கிளச்சுக்கு எண்ணெய் போட்டுப் பாருங்க, புதுசைவிட மலிவு. டொயோட்டாவின் சிலிகான் எண்ணெய் 18 மில்லி டியூப்ல வருது, 10000 கெட்டி எண் கேளுங்க. ரெண்டு பாதிக்கும் குறுக்கே ஆணியால ஒரு கீறல் போட்டு அடையாளம் வெச்சுக்கிட்டுப் பிரிங்க, திரும்ப அதே இடத்துல சேரலன்னா ஃபேன் ஆடும். பழசைத் துணியால துடைச்சு ரெண்டு டியூப் ஊத்தி, எண்ணெய் இறங்க நேரம் கொடுத்து மூடுங்க. முன்முகத்துல இருக்கிற சுருள் தகட்டை வளைச்சுடாதீங்க, ரேடியேட்டரைத் தாண்டி வர்ற காத்தோட சூட்டை மோப்பம் பிடிச்சு வால்வைத் திறக்கிறது அதுதான். பேரிங் ஆட்டம் இருந்தா எண்ணெய் போட்டுப் பிரயோஜனம் இல்ல, கிளச்சையே மாத்தணும்.

சரியாச்சான்னு காதே சொல்லும். குளிர்ந்த ஸ்டார்ட்ல முதல் ஒரு நிமிஷம் ஊதுற சத்தம் வந்து அடங்கும். நல்லா சூடானதும் அதே சத்தம் திரும்ப வரணும்.

7 ஏப்ரல், காலை 10.00 · லைன்கார்

ஓடுற ஃபேன்ல செய்தித்தாளைச் சுருட்டி வெச்சா நல்ல கிளச்சா கெட்டதான்னு தெரிஞ்சிடும். எதுக்கு இவ்வளவு சுத்தி வளைப்பு?

7 ஏப்ரல், காலை 10.12 · பெகு டீசல்

விரல் பத்தும் முழுசா இருக்கிறவங்க அப்படிச் செய்யறதில்ல.

7 ஏப்ரல், இரவு 9.30 · பெகு டீசல்

அரை லிட்டர் தண்ணி எங்கே போகுதுங்கிறது இன்னும் பாக்கி. நான் முதல் நாள் எழுதின ரெண்டு நிமிஷக் கணக்கைத் திருத்தணும். அது கேஸ்கட்டு நல்லா ஊதிப்போனதுக்கு. சின்னக் கசிவு அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதுக்கு ராத்திரி சோதனை. வண்டியைச் சூடா நிறுத்திட்டு விடியற வரைக்கும் மூடியைத் தொடாதீங்க. காலையில ஸ்டார்ட் பண்ணாம துணி போட்டு மெதுவா திறங்க. சூட்டால வந்த அழுத்தம் ராத்திரியிலயே செத்திருக்கணும். அப்பவும் 'புஸ்'னு வந்தா எரிவாயு உள்ளே புகுந்திருக்கு.

வந்தா அடுத்தபடி. மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி, வாய்வரை தண்ணி நிரப்பி, ஐட்லிங்ல குமிழியைப் பாருங்க. முதல் சில நிமிஷம் வர்றது சிக்கின காத்து. அப்புறமும் சீரா ஒரே தாளத்துல வந்தா, ஒவ்வொரு இஞ்செக்டர் பைப் நட்டையும் அரைச் சுத்துத் தளர்த்தி அந்தச் சிலிண்டரைக் கொல்லுங்க. எந்த நட்டுக்குக் குமிழி நிக்குதோ அங்கேதான் ஓட்டை. நட்டு மேல துணி சுத்தித்தான் தொடணும், கண்ணாடி போடணும். அந்த அழுத்தத்துல டீசல் தோலைக் குத்திக்கிட்டு உள்ளே போயிடும், அப்புறம் ஆஸ்பத்திரிதான்.

8 ஏப்ரல், காலை 7.20 · இன்செயின் வேன்

காலையில திறந்தேன். சத்தமே இல்ல, ஹோஸ் துவண்டுதான் கிடந்துச்சு. ஆனா சீட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தா பம்புக்கு அடியில பச்சையும் வெள்ளையுமா பொரிஞ்சு போய் இருக்கு.

8 ஏப்ரல், காலை 8.00 · பெகு டீசல்

பிழைச்சீங்க. பம்ப் தண்டுக்குக் கீழே கண்ணீர் ஓட்டை ஒண்ணு உண்டு. உள் சீல் போனா தண்ணி பேரிங்குக்குள்ள போகாம அது வழியா வெளியே சொட்டும். ஓடும்போது சூட்டுல காய்ஞ்சு உப்பு மட்டும் நிக்கும், தரையில துளி விழாது. அதனாலதான் ஒழுகலைன்னு எல்லாரும் சத்தியம் பண்றாங்க. எம்சீல் வெச்சு அந்த ஓட்டையை அடைக்கிறவங்களும் உண்டு. அடைச்சா தண்ணி பேரிங்குக்குப் போகும், பேரிங் போனா ஃபேனே முன்னாடி வந்து ரேடியேட்டரைத் தின்னும். பம்பை மாத்துங்க. கிளச்சைக் கழட்டப் போறீங்க, பம்ப் அதுக்குப் பின்னாடிதான், ஒரே கூலி.

12 ஏப்ரல், இரவு 11.15 · பெகு டீசல்

நாளைக்குத் தண்ணி விளையாட்டு. ஊர்ந்து போற வண்டிக்காரங்க எல்லாருக்கும் இது.

ஏசியை அணைச்சிடுங்க. முள்ளு ஏற ஆரம்பிச்சா ஹீட்டரைத் திறந்து ஊத விடுங்க. வேனுக்குள்ள வேகும், ஆனா அது இன்னொரு குட்டி ரேடியேட்டர். நியூட்ரல்ல 1500 வரைக்கும் மிதிச்சுப் பிடிங்க, பம்பும் ஃபேனும் கொஞ்சம் வேகமா சுத்தும். அப்பவும் ஏறுதா, ஓரம் கட்டி நிறுத்திடுங்க.

நின்ன வண்டியைப் பார்த்ததும் பசங்க குடத்தோட ஓடி வருவாங்க. முன் கிரில்லுல தண்ணி பட்டா பாதகமில்ல, நல்லதுதான். எஞ்சின் மேல ஊத்த விடாதீங்க. சூடான இரும்புல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடும், ஃபேன் பெல்ட்டும் நனைஞ்சு வழுக்கும். மூடியை அரை மணி, முக்கால் மணி கழிச்சுத் தொடுங்க. மேல் ஹோஸை அமுக்கினா அமுங்கணும், அதுதான் திறக்கலாம்கிறதுக்கு அடையாளம். ஈரத் துணியை மடிச்சுப் போட்டு முதல் படி வரைக்கும் மட்டும் திருப்பி, ஆவி விட்டப்புறம் மீதியைத் திறங்க. தண்ணி குறைஞ்சிருந்தா எஞ்சினை ஓட விட்டுக்கிட்டு, மெல்லிசா, வெதுவெதுப்பா ஊத்தணும்.

எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில வைக்கிறது உங்க இஷ்டம். தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குள்ள இருக்கட்டும்.

18 ஏப்ரல், காலை 9.00 · இன்செயின் வேன்

நாலு நாளும் முள்ளு பாதியைத் தாண்டல. பம்ப், கிளச் எண்ணெய், தெர்மோஸ்டாட், இவ்வளவுதான் செலவு. ரேடியேட்டர் பழசேதான்.

18 ஏப்ரல், காலை 9.20 · பெகு டீசல்

முள்ளை ரொம்ப நம்பாதீங்க. நிறைய வண்டியில அது 80க்கும் 100க்கும் நடுவுல அசையவே அசையாது, ஓட்டுறவங்க பயப்படக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சது. நகரும்போது நீங்க ஏற்கெனவே எல்லையில இருப்பீங்க. இன்னொண்ணு, ஹெட்லைட் போட்டதும் முள்ளு சட்டுனு ஏறினா அது சூடு இல்ல, மீட்டருக்கு எர்த் சரியில்ல.

28 ஏப்ரல், இரவு 10.50 · இன்செயின் வேன்

கொண்டாடினது தப்பாப் போச்சு. தாஸியைத் தாண்டி கலோ மலை ஏறும்போது ஒன்பது பேரோட முள்ளு ஏறிடுச்சு. ஓரம் கட்டி, எஞ்சின் ஓடும்போதே அளந்தேன். மேல் 101, கீழ் 71. ஃபேன் நல்லா ஊதுது.

29 ஏப்ரல், காலை 6.30 · பெகு டீசல்

முப்பது டிகிரி வித்தியாசம். அப்போ உங்க சயா பாதி சரி, நான் அவரை முழுசா ஒதுக்கிட்டேன். ரெண்டு நோய் ஒண்ணா இருந்திருக்கு. காத்துக் குறை தண்ணிக் குறையை மறைச்சு வெச்சிருக்கு.

முதல்ல செலவில்லாதது. மூடியைப் போட்டு, சூடான எஞ்சினை 3000க்கு ஏத்தச் சொல்லி கீழ் ஹோஸைப் பாருங்க. அது பம்ப் உறிஞ்சுற பக்கம். உள்ளே இருக்கிற சுருள் கம்பி துருப்பிடிச்சுப் போயிருந்தா ஹோஸ் உறிஞ்சின ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக்கும், ஐட்லிங்ல தெரியாது. ஒட்டலன்னா துப்பாக்கியை ரேடியேட்டர் முகத்துல வரிசையா நகர்த்துங்க. சூடு ஒரே சீரா மாறிக்கிட்டு வரணும். நடுவுல திடீர்னு 20 டிகிரி குறைஞ்ச பட்டை இருந்தா அந்த டியூப்ல தண்ணி ஓடல.

ரேடியேட்டருக்குப் பித்தளை டாங்கியா இருந்தா மாத்த வேண்டாம். ஈயத்தைச் சுட்டு டாங்கியைப் பிரிச்சு, ஒவ்வொரு டியூபுக்குள்ளயும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, திரும்பப் பற்ற வைக்கிறவங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க. பிளாஸ்டிக் டாங்கி அலுமினியத்துக்கு இந்த வைத்தியம் கிடையாது, அதை மாத்தத்தான் வேணும்.

30 ஏப்ரல், மதியம் 12.40 · மௌல்மீன்

குத்துவிளக்குக்குப் புளி போட்டால் பளிச்சென்று ஆகிறதே. ரேடியேட்டருக்கும் புளித்தண்ணீர் ஊற்றலாமா? ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

30 ஏப்ரல், மாலை 5.55 · பெகு டீசல்

புளி, மஞ்சள், கொஞ்சம் பருப்பு போட்டா ராத்திரி சாப்பாட்டுக்கு ஆச்சு ஐயா. மஞ்சள் தூள் ஊசி ஓட்டையை அடைக்கத்தான் செய்யும், அதே கையோட ஹீட்டர் டியூபையும் அடைக்கும். புளியில நார் இருக்கு. அமிலம்தான் வேணும்னா எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் அமிலம், எடுங்க. பத்து லிட்டர் தண்ணிக்கு 300 கிராம். தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் ஓட்டி, இன்னும் இருபது நிமிஷம் ஐட்லிங், சூடு தணிஞ்சதும் வடிச்சு, தண்ணி தெளியற வரைக்கும் மூணு நாலு தடவை அலசணும். ராத்திரி முழுக்க ஊற விடாதீங்க, அலுமினியத்தைத் தின்னும். துருதான் ஓட்டையை மூடிக்கிட்டிருந்ததுன்னா கழுவினப்புறம் ஒழுகும். அதுக்கு எலுமிச்சையைத் திட்டக் கூடாது. முழுசா அடைச்ச டியூபுக்குள்ள அமிலமும் போகாதுங்கிறதால உங்களுக்குக் கம்பிதான், வேன்காரரே.

2 மே, காலை 7.45 · லைன்கார்

மலைக்கு 1.1 அழுத்தம் தாங்குற ரேடியேட்டர் மூடி போடுங்க. 0.9ஐவிடக் குளிர்ச்சி.

2 மே, காலை 8.30 · பெகு டீசல்

மூடி எதையும் குளிர வைக்காது. குக்கர் வெயிட் மாதிரி, கொதிக்கிற புள்ளியைத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். 0.9 மூடியில வெறும் தண்ணி 122 வரைக்கும் கொதிக்காது.

2 மே, இரவு 9.10 · பெகு டீசல்

காலைக் கணக்கு தப்பு. கடல் மட்டத்துல 0.9க்கு வெறும் தண்ணி 118 டிகிரி வாக்குல கொதிக்கும். 120ஐத் தாண்டணும்னா கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்திருக்கணும். கலோ 1300 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்துல தண்ணி 96லயே கொதிச்சிடும், மூடி போட்டா 116 கிட்ட. மூடி ரப்பர் செத்துப் போய் அழுத்தம் பிடிக்கலன்னா கீழே 98ல சும்மா ஓடின வண்டி மேலே கொதிக்கும். ஒவ்வொரு தடவையும் மலையிலதான் கொதிக்குதுன்னா மூடியையும் சந்தேகப்படணும்.

1.1 மூடி பழைய ஹோஸையும் ஈயப் பத்தையும்தான் சோதிக்கும். கழுத்து ஆழம் பார்த்து வாங்குங்க. ஆழம் ஒத்து வராத மூடி உக்காந்த மாதிரி இருக்கும், அழுத்தம் பிடிக்காது.

19 மே, இரவு 8.40 · இன்செயின் வேன்

டாங்கியைப் பிரிச்சாச்சு. ஒரு பக்கத்துல பதினோரு டியூப்ல காப்பிப் பொடி நிறத்துல கல்லு. கம்பியால குத்தினா சுண்ணாம்புக் குச்சி மாதிரி உடைஞ்சு விழுது. கண்டென்சர் நடுவுல கோழி இறகு, வண்டு, சேறு. சயா, "இது எந்தக் கிணத்துத் தண்ணி"ன்னு கேட்டுச் சிரிக்கிறார்.

19 மே, இரவு 9.25 · பெகு டீசல்

குழாய்க் கிணத்துத் தண்ணியை இத்தோட விட்டுடுங்க, இரும்பும் சுண்ணாம்பும்தான் அந்தக் கல்லு. இருபது லிட்டர் பாட்டில் குடிதண்ணி ஊத்துங்க, இல்ல மழைத்தண்ணி. மழைக்காலம் வாசல்ல நிக்குது. முதல் ரெண்டு மழையைக் கூரை கழுவ விட்டுட்டு மூணாவதைப் பிடிங்க. மூணுல ஒரு பங்கு கூலன்ட் போதும். நமக்கு உறையற பயம் கிடையாது, துரு வராம இருக்கவும் பம்ப் சீலுக்கும்தான் அது. சிவப்பையும் பச்சையையும் கலக்காதீங்க, சில ஜோடி கூழாகும்.

கண்டென்சர் குப்பையை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே ஊதணும். முன்னாடி நின்னு பைப்பு அடிச்சா இன்னும் உள்ளேதான் திணியும். ரேடியேட்டர் ஓரத்துல ஸ்பாஞ்சு பட்டை இருந்த இடம் காலியா இருந்தா புதுசு ஒட்டுங்க. இல்லாட்டி காத்து ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டு ஓடிடும்.

நிரப்பும்போது முன்பக்கம் உயரமா நிறுத்தி, முன் ஹீட்டர் பின் ஹீட்டர் ரெண்டையும் சூட்டுல வெச்சுத் திறங்க. பின் சீட்டு வரைக்கும் போற பைப்புலதான் காத்து ஒளிஞ்சிருக்கும். வடிச்சது எத்தனை லிட்டர்னு அளந்தீங்கல்ல? அதைவிட எவ்வளவு குறைச்சு உள்ளே போச்சோ அவ்வளவு காத்து இன்னும் இருக்கு.

20 மே, காலை 6.15 · இன்செயின் வேன்

அளந்தேன். ஒன்றரை லிட்டர் குறைஞ்சுது. மேட்டுல நிறுத்தி மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டதுல ரெண்டு பெரிய ஏப்பம் விட்டுச்சு, மீதி இறங்கிடுச்சு.

9 ஜூன், இரவு 7.30 · இன்செயின் வேன்

கலோ போய் வந்தாச்சு, அதே ஒன்பது பேர், ஏசியோட. மேட்டு உச்சியில மேல் 94, கீழ் 84. தண்ணி ஒரு சொட்டு குறையல. ஆனா மழையில ஸ்டார்ட் பண்ணா முன்னாடி கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம்.

9 ஜூன், இரவு 7.42 · பெகு டீசல்

பெல்ட். ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டை விரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் வாக்குல அமுங்கணும். அதுக்கு மேல அமுங்கினா இறுக்குங்க. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா மாத்துங்க. மிச்சத்துக்கு வேற இழை போடுங்க, இது ஏற்கெனவே நீண்டு போச்சு.

9 ஜூன், இரவு 7.50 · லைன்கார்

பெல்ட்டுக்குக் கொஞ்சம் சோப்பு தேய்ங்க.

9 ஜூன், இரவு 7.51 · பெகு டீசல்

வேண்டாம்.